ரேகை வைக்காத ஊர்

2015 கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது நடந்தது. இருபத்து நான்கு மணி நேரப் பயணம், தூக்கக் கலக்கம், பெட்டியில் இருக்கும் ஊறுகாயை எழுதிக் காட்டியிருக்க வேண்டுமோ என்ற பயம் வேறு. குடியேற்ற அதிகாரி முன்னால் நானும் மனைவியும் ஒவ்வொருவராக வலது கை நான்கு விரல், கட்டைவிரல், இடது கை நான்கு விரல், கட்டைவிரல் என்று கண்ணாடித் தட்டில் அழுத்தினோம். எட்டு வயது மகள் இங்கேயே பிறந்தவள். அவளுடைய நீலப் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே "வெல்கம் ஹோம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் அதிகாரி.

பெட்டிக்காகக் காத்திருக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, நீங்களும் அம்மாவும் என்ன தப்பு பண்ணீங்க?"

டிவியில் பார்த்திருக்கிறாள். ரேகை எடுத்தால் அடுத்தது சிறை. "தப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிட்டேன். உண்மையும் அதுதான். 2004ல் ஆரம்பித்த ஏற்பாடு அது. முதலில் இரண்டு ஆள்காட்டி விரல் மட்டும், பிறகு பத்து விரலும். 2009ல் இருந்து பச்சை அட்டைக்காரர்களும் சேர்த்தி. இப்போது பல இடங்களில் முகத்தைப் படம் பிடித்தே வேலையை முடித்துவிடுகிறார்கள், நாமும் எதுவும் கேட்பதில்லை.

ஆனால் அந்தக் கேள்வி என்னோடேயே இருந்துவிட்டது. காரணம் என் தாத்தா. "கைதிக்குத்தான்டா ரேகை எடுப்பான், கூலிக்காரனுக்கு எதுக்கு?" என்பார். நான் ஸ்கூல் படிக்கிற காலத்தில் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கிழவர் ஏதோ பழங்கதை பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அது பழங்கதை இல்லை, 1930ல் எங்கள் ஊரே எழுந்து நின்ற கதை என்பது, வயது நாற்பதைத் தாண்டிய பிறகு, ஏழு கடல் தாண்டி உட்கார்ந்து புத்தகங்களைத் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது.

எங்கள் ஊர் கோரமண்டல். கடற்கரையையும் எக்ஸ்பிரஸ் ரயிலையும் மறந்துவிடுங்கள். பங்காரப்பேட்டையில் பிரிந்து மாரிக்குப்பம் வரை போகும் சின்ன ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன். கோரமண்டல், ஊரகம், சாம்பியன், மாரிக்குப்பம் எல்லாம் அந்தப் பாதையில்தான். கோலார் தங்கவயல் என்று எழுதுவோம், கே.ஜி.எஃப் என்று பேசுவோம். (2018க்கு அப்புறம் "ஓ, அந்தப் படத்துல வர்ற ஊரா?" என்று கேட்காத ஆள் இல்லை. படத்தில் அத்தனை பேர் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பெரும்பாலானவர்கள் வைத்திருந்தது டிபன் கேரியர்.)

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். நியூசிலாந்தில் மாவோரிகளோடு சண்டை போட்டுவிட்டு வந்து பெங்களூர் கண்டோன்மெண்டில் குடியிருந்த ஐரிஷ் சிப்பாய் மைக்கேல் லாவெல், கோலார்ப் பக்கத்தில் தங்கம் தோண்ட மைசூர் அரசிடம் 1875ல் உரிமை வாங்கினார். அந்தப் பக்கத்தில் தங்கம் இருப்பதை ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 1802லேயே எழுதி வைத்திருந்தார். உள்ளூர் ஜனங்களுக்கு அதற்கும் முன்பே தெரியும் என்பது தனிக்கதை. லாவெலால் பெரிதாக ஒன்றும் முடியவில்லை. 1880ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. கார்ன்வால் சுரங்கங்களில் பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனம். முதலில் கையில் இருந்த பணமெல்லாம் கரைந்து, கடைசி முயற்சியாகத் தோண்டியபோது கேப்டன் பிளம்மர் என்பவர் தங்க ரேகையைப் பிடித்தார் என்பார்கள். பாறைக்குள் ஓடும் தங்கத்துக்கும் ரேகை என்றுதான் பெயர், பாருங்கள். அதன்பின் 2001 வரை எங்கள் மண்ணில் இருந்து எடுத்தது சுமார் 800 டன் தங்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலே ஆழம்.

தோண்டியவர்கள் யார்? வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளில் இருந்து வந்தவர்கள். பெரும்பாலும் ஆதிதிராவிடர். ஊரில் பண்ணையாளாக இருந்தவர், கூலியை நெல்லாக வாங்கிப் பழகியவர், பஞ்சத்தில் அடிபட்டவர். மைசூர் சமஸ்தானத்தில் போய் நிலத்துக்கு அடியில் இறங்கினால் கையில் காசு கிடைக்கும் என்றதும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். எங்கள் ஆயா வீட்டுப் பக்கம் குடியாத்தம், தாத்தா வீட்டுப் பக்கம் ஆம்பூர். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதே மாதிரி இரண்டு ஊர்ப் பெயர் சொல்வார்கள்.

தங்கவயலைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள். பாதி ஊருக்கு அது பொருத்தம். குளிர்ந்த காற்று, ஓட்டுக்கூரை பங்களா, ரோஜாத் தோட்டம், கோல்ஃப் மைதானத்தோடு கிளப். சிவசமுத்திரத்தில் இருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902லேயே மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூருக்கே 1905ல்தான் மின்விளக்கு வந்தது. அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் ஊர்க்காரர்கள் பெருமைப்படுவார்கள், நானும்தான். ஆனால் அந்த மின்சாரம் வந்தது இயந்திரத்துக்கும் பங்களாவுக்கும். மூங்கில் தட்டியில் கட்டிய லைன் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான், பல பத்தாண்டுகளுக்கு.

மேலே வெள்ளைக்கார அதிகாரிகள். அடுத்து, நிலத்தடியில் மேற்பார்வைக்கு இத்தாலியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். அதற்கும் கீழே மேஸ்திரி, அவருக்குக் கீழே எங்கள் ஜனம். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் வியாபாரமும் வட்டிக்கடையும் வேறு சாதிக்காரர்கள் கையில். யார் எங்கே குடியிருப்பது, யார் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, யார் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது எல்லாம் வரைபடம் போட்டு வைத்த மாதிரி இருக்கும். அமெரிக்காவில் அஞ்சல் எண்ணைச் சொன்னால் பள்ளிக்கூடத்தின் தரத்தைச் சொல்லிவிடுகிறார்களே, அதே மாதிரி எங்கள் ஊரில் லைன் பெயரைச் சொன்னால் போதும்.

இதெல்லாம் எந்தச் சுரங்க ஊரிலும் ஓரளவு உண்டு. காசு ஏற்றத்தாழ்வு. தங்கவயலில் இன்னொரு கோடும் இருந்தது. சோதனை போடப்படுகிறவர், சோதனை போடப்படாதவர் என்ற கோடு. என் கணக்கில் அதுதான் பெரிய கோடு.

நிலக்கரியை யாரும் வாயில் போட்டு வெளியே கொண்டு வர முடியாது. தங்கத்தை முடியும். அதனால் 1897லேயே மைசூர் அரசு சுரங்கங்களுக்கென்று ஒரு தனிச் சட்டம் போட்டது. ஒருவரிடம் தங்கக் கல்லோ, தங்கம் கலந்த பொருளோ இருந்தால் அது எப்படி வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். வழக்கமாகக் குற்றம் சாட்டுகிறவர்தானே நிரூபிக்க வேண்டும்? இங்கே தலைகீழ். காவலுக்குப் பஞ்சாபில் இருந்து ஆள் கொண்டு வந்தார்கள். தொழிலாளியின் பாஷை தெரியாதவர், சொந்தபந்தம் இல்லாதவர், இரக்கப்பட மாட்டார் என்ற கணக்கு. சுரங்கப் பகுதியைச் சுற்றி முள்கம்பி. பாறை வெடித்துச் சாவார்களோ மாட்டார்களோ என்று பத்து மணி நேரம் கீழே இருந்துவிட்டு மேலே வந்தவுடன் துணியை உதறி, உடம்பைத் தடவிச் சோதனை. ஒவ்வொரு நாளும்.

தாத்தா இதைச் சொல்லும்போது கோபப்பட்டதில்லை. தலைப்பாகையை அவிழ்த்து எப்படிக் காட்டுவார் என்று செய்து காட்டுவார், நாங்கள் சிரிப்போம். ஆயா மட்டும் சிரிக்க மாட்டாள்.

தங்கம் திருட்டே போகவில்லை என்று சொல்ல வரவில்லை. போயிற்று. தாராளமாகவே போயிற்று. அதை வாங்கிக் கொழுத்தவர்கள் கடைத்தெருவில் இருந்தார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம். ஆனால் சுரங்க வாசலில் கையைத் தூக்கி நின்றது யார் என்பதுதான் கேள்வி.

இந்தப் பின்னணியில்தான் 1930 வருகிறது. ஒரு சுரங்கத்தில் வேலையை விட்டு நீக்கப்பட்டவர் வேறு பெயரில் இன்னொரு சுரங்கத்தில் சேர்ந்துவிடுகிறார், ஆளை அடையாளம் காண முடியவில்லை, எனவே எல்லாத் தொழிலாளர்களும் ரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனிகள் முடிவு செய்தன. பார்க்கப்போனால் சாதாரண நிர்வாக நடவடிக்கை. இன்று எந்த அலுவலகத்திலும் விரலை வைத்தால்தான் கதவு திறக்கிறது.

ஏப்ரலில் வேலை நிறுத்தம் வெடித்தது. இருபத்தொரு நாள். பல்லாயிரம் பேர் கீழே இறங்கவில்லை. இதில் என்னை ஆச்சரியப்படுத்துவது என்னவென்றால், அங்கே அப்போது தொழிற்சங்கமே கிடையாது. தலைவர் என்று ஒருவரும் கிடையாது. மைசூரில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது 1940களில்தான். "உங்கள் பிரதிநிதியை அனுப்புங்கள், பேசலாம்" என்கிறது நிர்வாகம். யாரும் போகவில்லை. போனால் அந்த ஆளைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். முகம் இல்லாத கூட்டத்துக்கு முகம் கொடுக்கத்தான் ரேகை கேட்கிறார்கள், இவர்களோ முகம் காட்டாமலே இருந்து ஜெயித்தார்கள். ரேகைப் பதிவைக் கம்பெனிகள் கைவிட்டன. நடுவில் கூலி, போனஸ் என்று வேறு கோரிக்கைகளும் சேர்ந்துகொண்டன, அவை எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஜனகி நாயர் என்ற வரலாற்றாசிரியர் இந்த வேலை நிறுத்தத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள்.

கூலிக்காக மூன்று வாரம் பட்டினி கிடப்பது புரிகிறது. விரலில் மை தொடுவதற்காகவா?

அந்தக் காலத்துத் தமிழருக்கு ரேகை என்றால் என்ன அர்த்தம் என்று பார்த்தால்தான் இது விளங்கும். ஆளை அடையாளம் காண ரேகையை வகைப்படுத்தும் முறையே வங்காளப் போலீசில் வளர்ந்தது. எட்வர்ட் ஹென்றி என்ற அதிகாரியின் கீழ், அசிசுல் ஹக், ஹேம்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பில், 1897ல் கல்கத்தாவில் ரேகை அலுவலகம் வந்தது. 1901ல் தான் லண்டன் போலீசுக்கே போனது. முதலில் நம்மீது சோதித்துப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றப்பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். பிறந்த சாதிக்காக ஒரு ஊரே ரேகை வைக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் அதை மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். தங்கவயல் வேலை நிறுத்தத்துக்குச் சரியாகப் பத்து வருடம் முன்பு.

அதற்கும் முன்னால் இன்னொரு தங்க பூமி. இதே எட்வர்ட் ஹென்றி 1900ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போலீஸ் அமைக்கப் போனார். அடுத்த சில வருடங்களில் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லோரும் பத்து விரல் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு எடுக்க வேண்டும் என்று சட்டம். காந்தியின் சத்தியாகிரகம் தொடங்கியதே அதை எதிர்த்துத்தான். அதில் சிறைக்குப் போனவர்களில் தமிழர் எண்ணிக்கையைப் பற்றிக் காந்தியே நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். 1908 ஜனவரியில் காந்தி ஒரு சமரசத்துக்கு வந்தார். கட்டாயம் என்றால் மாட்டோம், நாங்களாக விரும்பிக் கொடுக்கிறோம் என்று. அதை ஏற்காத மீர் ஆலம் என்ற பட்டாணியர் பிப்ரவரியில் காந்தியை நடுத்தெருவில் அடித்துப் போட்டார். அரசாங்கம் வாக்கு மாறியதும் ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மசூதி வாசலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் எரிந்தன. காந்தியா மீர் ஆலமா, யார் சொன்னது சரி என்று நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விமான நிலையத்தில் நான் விரல் வைத்தது விரும்பியா, கட்டாயத்திலா? டிக்கெட் வாங்கியது நான்தானே.

தங்கவயலுக்குத் திரும்புவோம். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்த ஜனங்கள் தங்கவயலுக்கு வந்தது வெறும் கூலிக்கு மட்டும் இல்லை. சேரியை விட்டு வந்தார்கள். இங்கே ஊர்த்தெரு கிடையாது, செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டாம். நிலத்துக்கு அடியில் சாவு பக்கத்திலேயே இருந்தது, ஆனால் சம்பள நாளில் மேல்துண்டு போட்டு நடக்கலாம். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூனில் சென்னை ராயப்பேட்டையில் "ஒரு பைசாத் தமிழன்" வாரப் பத்திரிகையை ஆரம்பித்தபோது, அதன் வாசகர்களும் ஆதரவாளர்களும் திரண்டிருந்த இடங்களில் தங்கவயல் முக்கியமானது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம். சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை. பண்டிதர் 1914ல் காலமான பிறகு அவர் எழுத்துகள் புத்தகமாக வந்தது இந்தச் சித்தார்த்தா புத்தகசாலையில் இருந்துதான். நின்றுபோன "தமிழன்" பத்திரிகையை 1926ல் இருந்து ஜி. அப்பாதுரையார் தங்கவயலில் இருந்தே மீண்டும் நடத்தினார். இரவுப் பள்ளி, சொற்பொழிவு, சாதி மறுப்புக் கல்யாணம் என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்த காலம்.

யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் கூட்டத்தில் உட்கார்ந்து, நாம்தான் இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள் என்று கேட்டுவிட்டு வருகிறார் ஒருவர். மறுநாள் சுரங்க வாசலில் அவரைத் திருடனாகப் பார்க்கிறார்கள். தினசரிச் சோதனையையாவது பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொண்டார்கள். அது அந்த நேரத்தோடு போய்விடும். ரேகை அப்படி இல்லை. காகிதத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். ஊரில் சாதி எப்படிப் பிறப்போடு ஒட்டியதோ, அப்படி இது தோலோடு ஒட்டும். எதைவிட்டு ஓடி வந்தார்களோ அதே மாதிரி ஒன்று மறுபடியும். ஆவணம் எதிலும் இப்படி எழுதியிருக்கவில்லை, இது என் யூகம். தாத்தாவின் "கைதி" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு செய்கிற யூகம்.

சில வருடம் கழித்துக் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலிக்குப் போனோம். சாக்ரமெண்டோவில் இருந்து ஒரு மணி நேரம். அங்கே எம்பயர் சுரங்கம், 1956ல் மூடியது, இப்போது மாநிலப் பூங்கா. மகளுக்குத் தங்க வேட்டைக் காலம் பள்ளிப்பாடம், எனக்கு அது வேறு யாத்திரை. உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். எங்கள் ஊர்! அதே மாதிரி பெரிய சக்கரம், அதே மாதிரி துருப்பிடித்த ஸ்டாம்ப் மில். முதலாளி போர்னுக்குச் சுரங்கத்துக் கழிவுக் கல்லில் கட்டிய "குடிசை" ஒன்று இருக்கிறது. பெயர்தான் குடிசை, பார்த்தால் அரண்மனை. ரோஜாத் தோட்டம், குளம், பக்கத்தில் கிளப் கட்டடம். அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கார்ன்வால்காரர்கள், எங்கள் ஊர்க் கேப்டன்களின் பங்காளிகள். இன்றைக்கும் அந்த ஊரில் கார்ன்வால் பேஸ்டி விற்கிறார்கள். சோமாசுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும், கறி போட்டது.

அதே கார்ன்வால்காரர் இங்கே கூலி, எங்கள் ஊரில் துரை! கப்பல் எந்தப் பக்கம் போயிற்று என்பதைப் பொறுத்தது. ஆனால் அமெரிக்கத் தங்கத்திலும் அதே கோடு ஓடுகிறது. 1850ல் கலிஃபோர்னியா வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர்மீது மாதம் 20 டாலர் வரி போட்டது, பெரும்பாலும் மெக்சிகோக்காரர்களைத் துரத்த. 1852ல் திரும்பவும் ஒரு வரி, இந்த முறை சீனர்கள் தலையில். கார்ன்வால்காரரும் வெளிநாட்டுக்காரர்தான். அவரிடம் அந்த வேகத்தில் யாரும் போய் வசூலிக்கவில்லை.

வெள்ளைத் தொழிலாளி மட்டும் சோதனையை ஏற்றுக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. நெவாடாவில் கோல்ட்ஃபீல்ட் என்றே ஒரு ஊர். தங்கக் கல்லைத் தொழிலாளர்கள் டிபன் பெட்டியிலும் சட்டைக்குள்ளும் எடுத்துப் போகிறார்கள் என்று 1907ல் உடை மாற்றும் அறைகளைக் கொண்டு வந்தார்கள். காவலர் முன்னால் வேலைத் துணியைக் கழற்றிவிட்டு மறுபக்கம் வர வேண்டும். எங்களைத் திருடன் என்கிறாயா என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள், வேலையை நிறுத்தினார்கள். அந்த வருடம் டிசம்பரில் சம்பளத் தகராறும் முற்ற, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ராணுவத்தையே அனுப்பினார். அடுத்த வருடம் சங்கம் உடைந்தது. சங்கம் இருந்த கோல்ட்ஃபீல்டில் தோற்றார்கள், சங்கமே இல்லாத தங்கவயலில் ரேகையை நிறுத்தினார்கள். இதை வைத்துப் பெரிய தத்துவம் எதுவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை, ஆனால் தாத்தா இருந்திருந்தால் இதைச் சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தியிருப்பேன்.

விரலைப் பதிவு செய்யத் துடித்தவர்கள் நுரையீரலைப் பதிவு செய்ய எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாறைத் தூள் நெஞ்சில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்காக 1940களில்தான் தங்கவயலில் பெரிய அளவில் மருத்துவச் சோதனை நடந்தது. 7,653 பேரைப் பார்த்தார்கள். 43.7 சதவீதம் பேருக்கு நோய். கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர். எங்கள் தெருவில் ராத்திரி கேட்கும் இருமல் சத்தத்தை நான் சின்ன வயதில் ஊரின் இயல்பான சத்தம் என்றே நினைத்திருந்தேன். ஷிப்டுக்கு ஊதும் சங்கு மாதிரி.

மீதி வேகமாக. 1956ல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962ல் மத்திய அரசு, 1972ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். பங்களாக்களுக்குள் இந்திய அதிகாரிகள் குடி வந்தார்கள். லைன் வீடுகளில் அதே ஆட்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி கதவைச் சாத்தினார்கள். அதன்பின் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிற ஊராக ஆகிவிட்டது. சயனைடு மேட்டுத் தூசி மட்டும் காற்றடித்தால் இன்னும் வீட்டுக்குள் வருகிறது.

இப்போது என் சொந்தக் கதை. அமெரிக்கா வந்த முதல் பதினைந்து வருடம், "எந்த ஊர்?" என்று தமிழர் யாராவது கேட்டால் "பெங்களூர்" என்றே சொன்னேன். மென்பொருள்காரனுக்கு அது பொருந்தும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். தங்கவயல் என்று சொன்னால், விஷயம் தெரிந்த ஒருவர் கண்ணில் ஒரு வினாடி கணக்கு ஓடும். கோலார், தமிழர், சுரங்கம்... அப்படியானால் இவர்... அதன்பின் பேச்சு வேறு பக்கம் திரும்பும். யாரும் தவறாக ஒன்றும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள். "உங்க சொந்த ஊர் எது, பூர்வீகம் எது, அங்கே எந்தத் தெரு, நீங்க சைவமா?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டுப் பாயசம் எடுத்துக்கொண்டு போவார்கள். பத்து விரலையும் வைத்து முடித்த உணர்வு எனக்கு வரும்.

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோதும், கலிஃபோர்னியாவில் அதே மாதிரி மசோதா சட்டசபையில் நிறைவேறி, இருக்கிற சட்டமே போதும் என்று அக்டோபரில் ஆளுநர் அதை நிராகரித்தபோதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை பறந்தது. "இங்கே யார் சாதி பார்க்கிறார்கள்? இதைச் சட்டமாக்கினால் நம் எல்லோரையும் சந்தேகப்படுவார்கள், நம் பிள்ளைகளைக் குற்றவாளி மாதிரிப் பார்ப்பார்கள்" என்று ஒருவர் மிகவும் வருத்தப்பட்டு எழுதினார். அவர் நல்ல மனிதர், என் காரை இரண்டு தடவை பனியில் இருந்து தள்ளி எடுத்தவர். பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தையே சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் பதிலை மூன்று தடவை தட்டச்சு செய்து மூன்று தடவையும் அழித்தேன்.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிற வயது. விமான நிலையத்தில் கேட்டது அவளுக்கு ஞாபகம் இல்லை. இந்தக் கதை முழுவதையும் அவளுக்குச் சொன்னேன், தாத்தாவின் தலைப்பாகை உட்பட. "அப்போ நீங்க ஏம்பா பெங்களூர்னு சொல்றீங்க?" என்றாள். இதற்கும் என்னிடம் பதில் இல்லை.

போன பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவர், ஊருக்குப் புதிதாக வந்தவர், சிரித்த முகமாகக் கேட்டார்: "சாருக்கு எந்த ஊரு?"

"கோரமண்டல்."

"ஓ, அது ட்ரெயின் பேராச்சே?"

"ட்ரெயினும் போகும். பங்காரப்பேட்டைல இறங்கி மாறணும்" என்று ஆரம்பித்தேன். வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மகள் மூன்று தட்டையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.